பிளாஸ்டர்தானே என்று சொல்லாதீர்கள்: பொசான்யோவில் கனோவாவின் கூடம்

இருபத்தேழு வருடமாகப் பிளாஸ்டரில் கை வைத்துப் பிழைக்கிறவள் நான். கோயம்புத்தூர் காந்திபுரத்தில் சின்னதாக ஒரு பல் லேப். டாக்டர்கள் வாயில் அளவு எடுத்து அனுப்புவார்கள். அந்த அளவுக்குள் பிளாஸ்டரை ஊற்றி மாடல் எடுப்போம். கேப்போ பல் செட்டோ, எதுவானாலும் அந்த மாடலின் மேல்தான் உருவாகும். பல் நோயாளியின் வாய்க்குப் போய்ச் சேர்ந்ததும் மாடல் குப்பைக்குப் போகும். "பிளாஸ்டர்தானேக்கா, தூக்கிப் போட்டுரலாம்" என்று புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் முதல் வாரத்தில் ஒருமுறையாவது சொல்லிவிடுவார்கள். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்காது.

இத்தாலியில் பதோவா நகரத்தில் படிக்கும் என் மகனைப் பார்க்கப் போயிருந்தேன். பிளாஸ்டர் சிலைகளுக்கென்றே கட்டிய ஒரு கூடம் அங்கிருந்து ரயிலும் பஸ்ஸும் பிடித்துப் போகிற தூரத்தில் இருக்கிறது என்று அவன் சொன்னான். வெனிஸுக்கு ஒதுக்கியிருந்த இரண்டு நாளில் ஒன்றை எடுத்து இதற்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்தது சரிதான். இந்தியாவிலிருந்து வெனிஸ் வரைக்கும் வருகிறவர்களில் பத்துப் பேராவது ஒரு நாளை இந்த ஊருக்குத் திருப்பிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஊரின் பெயர் பொசான்யோ. கிராப்பா மலையின் அடிவாரம். பழைய கிரேக்க, ரோமச் சிற்பங்களை முன்மாதிரியாகக் கொண்ட நவசெவ்வியல் சிற்பிகளில் தன் காலத்தில் ஐரோப்பா முழுக்கப் பெயர் பெற்றிருந்த அந்தோனியோ கனோவா 1757 நவம்பர் 1 அன்று பிறந்தது இங்கேதான். தகப்பனார் சீக்கிரமே இறந்துவிட்டார், தாய் மறுமணம் செய்துகொண்டு பக்கத்து ஊருக்குப் போனார். பையனை வளர்த்தது தாத்தா பசினோ, கல்தச்சர். அந்த வீடும் தோட்டமும், வீட்டை ஒட்டிப் பின்னால் எழுப்பிய பெரிய கூடமும் சேர்ந்துதான் இன்றைய அருங்காட்சியகம். ஜிப்ஸோதேக்கா என்கிறார்கள். ஜிப்சத்துக்கான, அதாவது பிளாஸ்டருக்கான இடம் என்று அர்த்தம்.

பதோவாவிலிருந்து பஸ்ஸானோ தெல் கிராப்பா வரை ரயில், அப்புறம் பஸ். நாங்கள் பஸ் நிற்கும் இடத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஒரு பஸ்ஸை விட்டுவிட்டோம். அடுத்ததற்கு ஒன்றரை மணி நேரம். பரவாயில்லை, பஸ்ஸானோவின் பழைய மரப்பாலத்தை அந்த நேரத்தில் நடந்து பார்த்தோம். ஆனால் நீங்கள் முதல் நாளே பஸ் நேரத்தையும் நிறுத்தத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும்.

உள்ளே நுழைவதற்கு முன்னால் மகன் ஒன்று சொன்னான். "அம்மா, இத்தனை சிலையையும் மொத்தமா பாத்தா எதுவும் மனசுல நிக்காதுங்க. ஒரே ஒரு வருஷத்தைப் பிடிச்சுக்கங்க. 1815-ஐப் பிடிச்சுக்கங்க." ஏன் 1815 என்று கேட்டேன். அந்த வருஷம் ஆகஸ்டில் பட்டறையை விட்டுக் கிளம்பிய ஆள், ஜனவரியில்தான் ரோமுக்குத் திரும்பினார் என்றான். எனக்கு உடனே ஆர்வம் வந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் மணிக்கட்டில் அறுவை சிகிச்சை செய்து நான்கு மாதம் லேப் பக்கம் போக முடியாமல் இருந்தவள் நான். பட்டறையை விட்டுப் போகிற ஒருத்தருக்கு வயிற்றில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

பெரிய கூடத்தின் கதவைத் தாண்டியதும் சில நிமிடம் எனக்குப் பேச்சு வரவில்லை. நீளமான மண்டபம், அரைவட்டக் கூரை, கூரையில் திறப்புகள், அதன் வழியாக மேலிருந்து இறங்கும் வெளிச்சம். இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக ஆட்கள், ஆளைவிடப் பெரிய ஆட்கள். கட்டியவர் பிரான்செஸ்கோ லத்சாரி என்ற வெனிஸ் கட்டடக்கலைஞர், கட்டியது 1834 முதல் 1836 வரை. கனோவா 1822-லேயே இறந்துவிட்டார். அவருடைய தாயின் மறுமணத்தில் பிறந்த தம்பி, பாதிரியாரான ஜியோவான்னி பத்திஸ்தா சார்த்தோரி, ரோமில் இருந்த பட்டறையை மூடி, உள்ளே இருந்த பிளாஸ்டர்களையெல்லாம் மூட்டை கட்டி, கப்பலில் ஏற்றி, அப்புறம் வண்டியில் ஏற்றி இந்த மலையடிவாரத்துக்குக் கொண்டுவந்தார். பிளாஸ்டர் எவ்வளவு எளிதாக விளிம்பு உதிரும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தப் பயணம் எப்படிப்பட்டது என்று புரியும். கோவையிலிருந்து ஈரோட்டுக்கு ஒரு மாடல் கூரியரில் அனுப்பினாலே போய்ச் சேரும்வரை எனக்கு நிம்மதி இருக்காது.

கிட்டே போனதும் மகன், "என்னங்கம்மா இது, பூஞ்சை பிடிச்சிருக்கு?" என்றான். சிலைகளின் மேல் எல்லாம் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். முகத்தில், மார்பில், விரலில், துணி மடிப்பின் உள்ளே. நான் சிரித்துவிட்டேன். பூஞ்சை இல்லை, ஆணி. சின்னச் சின்ன உலோக ஆணிகள். அந்தக் கூடத்துக்கு நான் போன காரணமே அந்த ஆணிகள்தான் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

எப்படிச் செய்வார் என்று கொஞ்சம் சொல்கிறேன். முதலில் காகிதத்தில் படம். அப்புறம் கையடக்கமாகக் களிமண்ணில் ஒரு சின்ன உருவம். அது சரி என்று பட்டால், இரும்புக் கம்பியில் எலும்புக்கூடு மாதிரி ஒரு சட்டம் கட்டி, அதன் மேல் களிமண்ணை அப்பி முழு அளவில் உருவம் செய்வார். களிமண் காய்ந்தால் வெடித்துவிடும், வைத்திருக்க முடியாது. ஆகவே அதன் மேல் பிளாஸ்டரால் அச்சு எடுத்து, உள்ளே இருக்கும் களிமண்ணைக் கிள்ளி எடுத்துவிட்டு, காலியான அச்சுக்குள் புதுப் பிளாஸ்டரை ஊற்றி, கெட்டியானதும் வெளி அச்சைத் தட்டி உடைத்து எடுப்பார்கள். களிமண்ணும் போச்சு, அச்சும் போச்சு. மிஞ்சுவது அந்த ஒரு பிளாஸ்டர் மட்டும்தான்.

எங்கள் வேலையும் இதேதான். டாக்டர் எடுத்த அளவு ரப்பர் மாதிரி இருக்கும். அதில் முதல் தடவை ஊற்றும் மாடல்தான் மாடல். கழற்றும்போது அளவு கிழிந்தால் கிழிந்ததுதான். பிளாஸ்டர் கெட்டியாகும்போது கைக்கு இளஞ்சூடு தெரியும், புதிதாக வருகிறவர்கள் பயந்து கையை எடுப்பார்கள். ஆளுயரச் சிலைக்கு ஊற்றும்போது எவ்வளவு சூடு அடித்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

சரி, ஆணிக்கு வருவோம். பிளாஸ்டர் உருவத்தில் முக்கியமான மேடு பள்ளங்களில் எல்லாம் ஆணி அடிப்பார்கள். பக்கத்தில் பளிங்குக் கல். இரண்டிலும் அசையாத மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு, அந்த மூன்றிலிருந்தும் ஒரு ஆணி எவ்வளவு தூரம் என்று காம்பஸால் அளப்பார்கள். மூன்று அளவும் கல்லுக்குள் எங்கே ஒன்றாகச் சந்திக்கிறதோ அதுவரை துளைத்துக்கொண்டே போவார்கள். அது ஒரு புள்ளி. இப்படி நூற்றுக்கணக்கில். எல்லாப் புள்ளிக்கும் கல்லைக் கழித்துக்கொண்டே வந்தால் உள்ளே இருக்கும் உருவம் வெளியே வரும். இந்த வேலையைப் பட்டறை ஆட்கள் செய்வார்கள். கடைசித் தோல் மட்டும் கனோவாவின் கை. அதைப் பல நேரம் இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் செய்வாராம், பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியும் என்பதால். கேப்பின் விளிம்பைப் பார்க்க நாங்களும் மேசை விளக்கைச் சாய்த்துத்தான் வைப்போம்.

அப்படியானால் அசல் எது? ரோமிலும் லண்டனிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் இருக்கும் பளிங்குச் சிலைகளா, இந்தப் பிளாஸ்டரா? பளிங்குதான் அசல், இது அதன் நகல் என்று நினைத்துக்கொண்டு மூக்கைச் சுளிக்கிறவர்கள் நிறையப் பேர். உண்மையில் பிளாஸ்டர்தான் முதலில் வந்தது. அவர் விரல் களிமண்ணில் அழுத்திய அழுத்தம் நேராக இறங்கியிருப்பது இதில்தான். பளிங்கு வாங்கியவர் வீட்டுக்குப் போய்விட்டது. அளவு இங்கே தங்கிவிட்டது.

இப்போது 1815.

கதை 1796-97-இல் தொடங்குகிறது. நெப்போலியன் இத்தாலிக்குள் படை கொண்டுவந்து, சமாதான ஒப்பந்தம் என்ற பெயரில் போப்பிடமிருந்து நூறு கலைப்பொருள்களையும் ஐநூறு சுவடிகளையும் எழுதி வாங்கிக்கொண்டார். வத்திக்கானில் இருந்த பழங்காலச் சிலைகளான லாவோகூன், பெல்வெடேர் அப்பல்லோ, ஓவியர் ரஃபேலின் பெரிய ஓவியம் எல்லாம் பாரிஸுக்கு வண்டியேறின. அப்பல்லோ நின்றிருந்த பீடம் காலியாகக் கிடந்தது. அந்தப் பீடத்தில் நிறுத்துவதற்காகப் போப் ஏழாம் பயஸ் வாங்கியது கனோவாவின் பெர்சியஸ் சிலையை. உயிரோடு இருக்கும் ஒரு சிற்பிக்குக் கிடைத்த எவ்வளவு பெரிய மரியாதை! ஆனால் காணாமல் போன ஒன்றின் இடத்தில் தன் சிலை நிற்கிறது என்பதை அவர் மறக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றார். ஆகஸ்டில், போனதைத் திரும்பக் கேட்டு வாங்கிவர போப் அனுப்பியது கனோவாவை. வக்கீலை அல்ல, படைத்தலைவரை அல்ல, சிற்பியை. தம்பி சார்த்தோரியைக் கூட்டிக்கொண்டு வண்டியில் கிளம்பி ஆகஸ்ட் 28 அன்று பாரிஸ் போய்ச் சேர்ந்தார். அப்போது வயது ஐம்பத்தேழு. உடம்பும் நன்றாக இல்லை. இளவயதில் துளைக்கருவியை விலாவில் முட்டுக்கொடுத்து அழுத்தியே விலா எலும்பு உள்வாங்கிவிட்டது, வயிற்று நோவுக்கு அதுதான் காரணம் என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இதை மகன் படித்துச் சொன்னபோது என் மணிக்கட்டை நானே பிடித்துப் பார்த்துக்கொண்டேன்.

பாரிஸில் யாரும் அவரை வரவேற்கவில்லை. அரசர் பதினெட்டாம் லூயி கொடுக்க மனமில்லாமல் இருந்தார். லூவ்ர் அருங்காட்சியகத்தின் தலைவர் தெனோன் ஒவ்வொரு பொருளுக்கும் மல்லுக்கு நின்றார். போப்பின் தூதர் என்று இவர் அறிமுகம் செய்துகொண்டபோது அமைச்சர் தலேராங், தூதர் இல்லை, சாமான் கட்டுகிறவர் என்று சொல்லிச் சிரித்ததாக ஒரு கதை உண்டு. பிரெஞ்சில் அந்த இரண்டு சொல்லும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிக்குமாம். நெப்போலியன் குடும்பத்தையே சிலையாக வடித்தவர், பாரிஸில் எத்தனையோ நண்பர்களைச் சம்பாதித்தவர், அந்த ஊரிலேயே வேண்டாத ஆளாகிப் போனார். கடைசியில் ஆங்கிலேய அதிகாரி ஹாமில்டன், அமைச்சர் காசில்ரே, தளபதி வெலிங்டன் ஆகியோர் இவர் பக்கம் நின்றார்கள். ஆஸ்திரிய, பிரஷ்யப் படைவீரர்களின் காவலில் லூவ்ருக்குள் போய்ச் சிலைகளையும் ஓவியங்களையும் இறக்கினார்கள். அக்டோபர் கடைசியில் வண்டிகள் பாரிஸை விட்டுக் கிளம்பின.

எல்லாம் வந்துவிடவில்லை. இத்தாலியிலிருந்து போன ஓவியங்களில் ஏறக்குறைய பாதிதான் திரும்பின. வெனிஸ் மடம் ஒன்றிலிருந்து எடுத்துப்போன வெரோனேசேயின் பிரம்மாண்டமான கானா ஊர்த் திருமண ஓவியம் இன்றைக்கும் லூவ்ரில்தான். அதை அங்குலம் அங்குலமாக ஸ்கேன் செய்து, அச்சு அசலாக ஒரு பிரதி எடுத்து, 2007-இல் அது முன்பு தொங்கிய மடத்துச் சுவரிலேயே மாட்டியிருக்கிறார்கள். வெனிஸில் எனக்கு மிச்சமிருந்த ஒரு நாளில் அதைப் போய்ப் பார்த்தேன். அது இன்னொரு நாள் எழுத வேண்டிய விஷயம்.

வண்டிகளை அனுப்பிவிட்டு கனோவா நேராக ரோமுக்கு வரவில்லை. லண்டனுக்குப் போனார். போனதன் பெரிய காரணம் எல்ஜின் பிரபு ஏதென்ஸிலிருந்து கொண்டுவந்திருந்த பார்த்தினான் கோயில் சிற்பங்களைக் கண்ணால் பார்ப்பது. அவற்றைப் பழுதுபார்த்துக் கொடுக்கச் சொல்லி 1803-இலேயே எல்ஜின் இவரிடம் கேட்டிருந்தார். அந்தப் பழைய சிற்பிகளின் கைவேலை மேல் என் கை படக்கூடாது என்று மறுத்துவிட்டவர் இவர். இப்போது எதிரே நின்று பார்த்துவிட்டு, இது உண்மையான சதை என்று வியந்தார். வாழ்நாள் முழுக்க கிரேக்கச் சிற்பத்தை வழிகாட்டியாக வைத்துக்கொண்ட மனிதர், கிரேக்கர்களின் கைவேலையை அவ்வளவு முழுசாகப் பார்த்தது ஐம்பத்தெட்டு வயதில்தான் என்பது என்னை உலுக்கிவிட்டது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. ரோமிலிருந்து கொண்டுபோனதைப் பாரிஸில் மீட்டவர், ஏதென்ஸிலிருந்து கொண்டுவந்ததை லண்டனில் பாராட்டிக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அடுத்த வருடம் ஆங்கில அரசு 35,000 பவுண்டு கொடுத்து அவற்றை வாங்கியபோது அந்தக் கடிதமும் எடுத்துக்காட்டப்பட்டது. அவருக்கு அது நெருடவில்லையா? எனக்கு நெருடுகிறது. கிரேக்கர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சரி, முதலாளி ஐந்து மாதம் ஊரில் இல்லை. ரோமில் பட்டறை என்ன ஆனது? இதுதான் நான் தெரிந்துகொள்ள விரும்பியது. பதில் அந்தக் கூடத்திலேயே இருந்தது. பழைய நண்பர் அந்தோனியோ தெஸ்தே பட்டறைப் பொறுப்பைப் பார்த்துக்கொள்கிறவர். பிளாஸ்டர் நிற்கிறது, ஆணி அடித்திருக்கிறது, காம்பஸ் இருக்கிறது, கை பழகிய ஆட்கள் இருக்கிறார்கள். அளவு பிளாஸ்டரில் இருக்கும்வரை வேலை நிற்காது.

நான் கையில் கட்டோடு வீட்டில் கிடந்த நான்கு மாதமும் என் லேப் ஒரு நாள்கூட மூடவில்லை. பிள்ளைகள் மாடலைப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். "அக்கா, இந்த மார்ஜின் சரியா?" என்பார்கள். சிவப்புப் பென்சிலில் கோடு போட்ட இடம் தெளிவாகத் தெரிந்தால் சரி என்பேன். நான் இல்லாமலே அந்த மாதங்களில் போன பல் எதுவும் திரும்பி வரவில்லை. அதை நினைத்துக்கொண்டு அந்த ஆணிகளைப் பார்க்கும்போது கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற காவலர் அம்மா என்ன நினைத்தாரோ, ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

அந்த வருடத்தோடு சேர்ந்த உருவங்கள் என்று பார்த்தால், முதலில் கண்ணில் அறைவது ஹெர்குலிஸும் லிகாஸும். விஷம் தோய்ந்த சட்டையின் எரிச்சல் தாங்காமல் ஹெர்குலிஸ், அந்தச் சட்டையைக் கொண்டுவந்த பையன் லிகாஸைக் காலைப் பிடித்துச் சுழற்றி எறிகிறார். 1795-இல் ஒருவர் கேட்டு ஆரம்பித்த வேலை, ஊர்க் குழப்பத்தில் நின்று, அப்புறம் ரோம் வங்கிக்காரர் தொர்லோனியா எடுத்துக்கொண்டு, பளிங்கு முடிந்தது 1815-இல்தான். இருபது வருடம்! பலம் காட்டும் சிலைகள் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை, இதுவும் அப்படித்தான். ஆனால் தூக்கி எறியப்படும் பையனின் விரல்களைப் பாருங்கள். பயம் முழுக்க அங்கே இருக்கிறது.

அதைவிட எனக்கு நெருக்கமானது மூன்று அழகியர், கிரேக்கப் புராணத்தின் அழகுத் தேவதைகள். பெரிய கூடத்திலிருந்து பக்கவாட்டில் இறங்கினால் புதுப்பகுதி. 1955 முதல் 1957 வரை கட்டடக்கலைஞர் கார்லோ ஸ்கார்பா கட்டியது. பழைய மண்டபம் கோயில் மாதிரி என்றால் இது வீடு மாதிரி. வெள்ளைச் சுவர், வெள்ளைச் சிலை, மேல் மூலைகளில் கண்ணாடியை உள்பக்கமாகத் திருப்பி வைத்து வானத்தைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். படிப்படியாகத் தரை இறங்கிப்போய், முடிவில் கண்ணாடிச் சுவர், வெளியே சின்னக் குளம். குளத்தில் அலை அசைந்தால் உள்ளே சிலை மேல் வெளிச்சம் அசைகிறது. அங்கேதான் மூன்று பெண்களும் ஒருவரை ஒருவர் அணைத்தபடி நிற்கிறார்கள்.

நெப்போலியனின் முதல் மனைவி ஜோசபின் 1812-இல் கேட்ட சிலை இது. பளிங்கு முடிவதற்குள் 1814-இல் அவர் இறந்துவிட்டார். அது அவருடைய மகனுக்குப் போய், இன்று பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜில் இருக்கிறது. பட்டறைக்கு வந்து பார்த்த பெட்ஃபோர்டு கோமகன் தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். அந்த இரண்டாவது இன்று லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் பொதுவான சொத்து. கேட்டவர் இறந்துபோனார், கேட்கிறவர் மாறினார், நாடுகள் சண்டையிட்டன, சிற்பி ஊர் ஊராக அலைந்தார். மூன்று பேரும் கையை எடுக்காமல் அப்படியே நின்றிருக்கிறார்கள்.

கையைப் பற்றிச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது. 1917 கடைசியில், முதல் உலகப்போரில், கிராப்பா மலை போர்முனையாகிவிட்டது. குண்டு இந்தக் கூடத்திலேயே விழுந்தது. தலை, கை, கால் எல்லாம் தரையில் தூளாகக் கிடந்தன. கூடத்தைப் பராமரித்துவந்த ஸ்தெஃபானோ செராஃபின் என்பவர், முதலில் சேதத்தையெல்லாம் போட்டோ எடுத்து வைத்துவிட்டு, தன் மகனோடு உட்கார்ந்து துண்டு துண்டாகப் பொறுக்கி ஒட்டினார். 1922-இல் கூடம் திரும்பத் திறந்தது. அவர் எடுத்த படங்களைப் பார்த்தால் போர்க்களத்து மருத்துவமனையைப் பார்த்த மாதிரியே இருக்கும். உடைந்த மாடலை ஒட்டியிருக்கிறவர்கள், ஒரு அரிசி அளவு துண்டைத் தேடித் தரையில் முட்டி போட்டிருக்கிறவர்கள், அந்தப் பெயரை ஒருமுறை மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

கைத்தாளத்தோடு ஆடும் நாட்டியப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் கைகள் போரில் போனவை. சில வருடங்களுக்கு முன், பெர்லினில் இருக்கும் அவளுடைய பளிங்கை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து அதிலிருந்து கைகளைச் செய்து பொருத்தியிருக்கிறார்கள். பிளாஸ்டரிலிருந்து அளவு எடுத்துப் பளிங்கு செய்தார்கள், பளிங்கிலிருந்து அளவு எடுத்துப் பிளாஸ்டருக்குக் கை கொடுத்தார்கள். என் லேபில் இப்போது பாதிக் கேப் ஸ்கேனர் வைத்துத்தான் செய்கிறோம். இரண்டு வருடம் முன்பு அந்த மெஷினை வாங்கும்போது, கைவேலைக்குத் துரோகம் செய்கிறோமோ என்று தயங்கியிருக்கிறேன். அந்தப் பெண்ணின் முன்னால் நின்றபோது அந்தத் தயக்கம் போய்விட்டது.

நெப்போலியனின் தங்கை பவோலினா மெத்தையில் சாய்ந்திருக்கும் பிளாஸ்டர் 1804-ஐச் சேர்ந்தது. 2020 ஜூலை 31 அன்று ஒரு பயணி போட்டோவுக்காக அதன் மேல் உட்கார்ந்து கால்விரல்களை உடைத்துவிட்டார். தயவுசெய்து எதையும் தொடாதீர்கள், சாயாதீர்கள், பையை முதுகில் மாட்டிக்கொண்டு திரும்பாதீர்கள்.

வீட்டுப்பகுதியில் அவருடைய கருவிகள், உடைகள், அவர் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. ஓவியங்களை நான் வேகமாகக் கடந்துவிட்டேன். உளிகளின் முன்னால்தான் நின்றேன். வெளியே வந்து நேர்சாலையில் மேலே ஏறினால் அவர் தன் காசில் கட்டத் தொடங்கிய கோயில். 1819 ஜூலை 11 அன்று அடிக்கல், முடிந்தது அவர் இறந்து எட்டு வருடம் கழித்து. முன்னால் பார்த்தினான் மாதிரித் தூண்கள், பின்னால் ரோமின் பாந்தியன் மாதிரிக் குவிமாடம். அண்ணனும் தம்பியும் உள்ளே ஒன்றாக அடக்கம். இதயம் மட்டும் வெனிஸின் ஃப்ராரி தேவாலயத்தில். பாரிஸுக்குக் கூடப்போன தம்பி, பிளாஸ்டர்களை மூட்டை கட்டிக் கொண்டுவந்த தம்பி. அந்தக் கல்லறை முன்னால் நான் அதிக நேரம் நினைத்தது அவரைத்தான்.

சாப்பாட்டுக்குச் சைவர்கள் கையில் ஏதாவது கொண்டுபோவது நல்லது. வழியில் ஒரு கடையில் காய்கறி சூப் என்று கேட்டு வாங்கினோம், இறைச்சி வேகவைத்த தண்ணீரில் செய்தது என்று பாதியில்தான் தெரிந்தது. போலெண்டா என்று மக்காச்சோளக் களி கிடைக்கும், காளானோடு கேளுங்கள், நம் ஊர்க் களி சாப்பிட்டவர்களுக்கு உடனே பிடிக்கும். நேரம் குறைந்தது மூன்று மணி வேண்டும். வெயில் நாளாகப் பார்த்துப் போங்கள், ஸ்கார்பாவின் அறை வெளிச்சத்தை நம்பிக் கட்டியது. ஸ்கார்பா பகுதியை முதலில் பார்த்துவிட்டுப் பெரிய கூடத்துக்குத் திரும்புங்கள். சின்னச் சின்ன மண் உருவங்களைப் பார்த்த கண்ணோடு வந்தால் பெரிய பிளாஸ்டர்கள் பேசத் தொடங்கும்.

1816 தொடக்கத்தில் ரோமுக்குத் திரும்பியவருக்குப் போப் இஸ்கியா பிரபு என்ற பட்டமும் வருடத்துக்கு 3,000 ஸ்கூடியும் (அந்தக் காலத்து ரோம் நாணயம்) கொடுத்தார். அந்தப் பணம் முழுவதையும் கலைஞர்களுக்கும் கலை நிறுவனங்களுக்கும் எழுதிவைத்துவிட்டு, பட்டறைக்குள் போனார். கையில் லண்டனில் கிடைத்த புது வேலை ஒன்று இருந்தது. இங்கிலாந்தின் பட்டத்து இளவரசர் கேட்டது, போர்க்கடவுள் மார்ஸும் வீனஸும். இருபது வருடச் சண்டை ஓய்ந்த வருடத்தில் கேட்ட சிலை. பளிங்கு 1822-இல் முடிந்து இப்போது பக்கிங்ஹாம் அரண்மனையில் இருக்கிறது.

மூடுவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அதன் பிளாஸ்டருக்குத் திரும்பி ஓடினேன். அவள் அவன்மேல் சாய்ந்து முகத்தைப் பார்க்கிறாள். அவள் தோளிலிருந்து விரல் நுனி வரை ஆணிகளை எண்ணத் தொடங்கினேன். பதினேழு வரை வந்திருப்பேன், வாசலிலிருந்து மகன் கூப்பிட்டான். "அம்மா, பஸ்ஸுங்க."